எருத்தேன்பதிக் கல்

பாலக்காட்டுக்கு வந்து சேர்ந்த பதினோராம் நாள், காப்பிப்பொடி வாங்கக் கிளம்பிய பாகீரதி மூன்று மணி நேரம் கழித்துத்தான் வீட்டுக்குத் திரும்பினாள். பை நிறையக் கொத்தவரங்காயும் பச்சை நிலக்கடலையும், கக்கத்தில் ஒரு நீளமான சுரைக்காயும் இருந்தன. முகம் வெயிலில் சிவந்திருந்தது. கிழக்கத்திக் காற்று தலைமயிரைக் கலைத்துவிட்டிருந்தது. புடவைத் தலைப்பில் யாரோ சுமந்துபோன மூட்டையிலிருந்து மஞ்சள்பொடி அப்பியிருந்தது.

"காப்பிப்பொடி எங்கே?" என்று கேட்டார் கணவர் யக்ஞநாராயணன்.

அப்போதுதான் அவளுக்கு அது நினைவு வந்தது. வாசலில் நின்றபடியே சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

பாகீரதி பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவள்தான். ஆனால் இருபத்தோரு வயதில் கணவனோடு கம்பாலாவுக்குக் கப்பல் ஏறும்வரை அவளுக்குத் தெரிந்த பாலக்காடு பிறந்த தெருவும் ஆற்றுப் படித்துறையும் கோயிலும்தான். கடைக்குப் போவதெல்லாம் ஆண்பிள்ளைகள் காரியம். கம்பாலாவில் பருத்தி ஆலை ஒன்றில் யக்ஞநாராயணன் தலைமைக் கணக்கர். ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்ட வீடு. சமையலுக்கு ஒகெல்லோ என்றொருவன். சனிக்கிழமை சாயங்காலம் காரில் கடைத்தெருவுக்குப் போவார்கள். அவள் காரைவிட்டு இறங்கக்கூட வேண்டாம், எழுதிக் கொடுத்ததைக் கடைப்பையன் கொண்டுவந்து பின்சீட்டில் வைப்பான். இருபத்துநாலு வருஷம் அப்படிப் போயிற்று. ஒரே பெண்ணை ஜாம்ஷெட்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. எழுபத்திரண்டு ஆகஸ்டில், இந்தியாக்காரர்கள் எல்லாரும் தொண்ணூறு நாளில் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. வீடும் காரும் பாங்கிலிருந்ததும் போய், நாலு பெட்டியோடு மொம்பாசாவில் கப்பல் ஏறி, பம்பாயில் இறங்கி, பெண் வீட்டில் சில வாரம் இருந்துவிட்டு, தை பிறக்கும்போது ஒலவக்கோடு ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள்.

யக்ஞநாராயணனின் வீடும் கல்பாத்தியில்தான் இருந்தது. அண்ணன்மார் அதை விற்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. எனவே அதே வரிசையில் சேஷம்மாள் என்ற விதவையின் வீட்டில் முன்கட்டை வாடகைக்கு எடுத்தார்கள். நாலு பெட்டியில் இரண்டைத் திறக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். ஆலை முதலாளி மேத்தா இப்போது ஜாம்பியாவில், லுசாக்காவில் தொழில் தொடங்கியிருந்தார். வேலைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்.

"லெட்டர் வந்ததும் அப்படியே தூக்கிண்டு கிளம்ப வேண்டியதுதான். சாமான் ஒண்ணும் வாங்கிச் சேத்துடாதே" என்பார்.

அவர் வெளியே போவதில்லை. தபால்காரன் வரும் நேரத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டு ரேழியில் நிற்பார். தபால்காரன் கடந்து போனதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்.

அன்று சாயங்காலம் பாகீரதி சேஷம்மாளிடம் தான் போன கதையைச் சொன்னாள். கேட்கக் கேட்க சேஷம்மாளின் கண் விரிந்தது.

"வலியங்காடிக்கா போனே? நடந்தா?"

"நடந்துதான் போனேன். வழி கேட்டுண்டே போனேன். ஒருத்தர் மலையாளத்துலே சொல்றார், ஒருத்தர் தமிழ்லே சொல்றார், ரெண்டும் எனக்குப் புரியறது. அது எவ்வளவு சந்தோஷமா இருந்தது தெரியுமோ? கம்பாலாலே கடைக்காரன் என்ன பேசறான்னு அவர்தான் எனக்குச் சொல்லணும்."

"அங்கே லோடு எறக்கறவா எல்லாம் இடிச்சுத் தள்ளிடுவாளே."

"இடிச்சா. நானும் இடிச்சேன்" என்றாள் பாகீரதி.

வலியங்காடிச் சந்தையில் வாழைத்தார்களை வண்டியிலிருந்து இறக்கி நடுரோட்டிலேயே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மிளகாய் மண்டிப் பக்கம் போனால் எல்லாருக்கும் தும்மல். தும்மிக்கொண்டே விலை பேசினார்கள். கைவண்டிக்காரன் ஒருவன் "வழி, வழி" என்று கத்த, அவள் ஒதுங்கிய இடத்தில் சாக்கை விரித்து ஒருத்தி காய்கறி வைத்திருந்தாள். காதில் கனத்த தோடு, கணுக்கால் தெரியத் தூக்கிச் செருகிய கண்டாங்கி. பெயர் செல்லாத்தாள். கிழக்கே எருத்தேன்பதியிலிருந்து வாரம் இரண்டு நாள் முதல் பஸ்ஸில் தோட்டத்துக் காயைக் கொண்டுவந்து விற்கிறவள். பாகீரதி விலை கேட்டாள், சொன்னதை எடுத்து நீட்டினாள். செல்லாத்தாள் வாங்கவில்லை.

"ஏனுங்கம்மா, சொன்ன வெலைய அப்பிடியே குடுக்கறீங்க?"

"நீதானே சொன்னே?"

"சொல்றது நாஞ் சொல்லுவனுங்க. நீங்க கொறச்சுக் கேக்கோணும். நா முடியாதும்பேன். நீங்க போற மாதிரி ரெண்டெட்டு வெக்கோணும். நா கூப்புடுவேன். இதொண்ணுமில்லாம வாங்கீட்டுப் போனா யாவாரம் பண்ணுன மாதிரியே இருக்காதுங்க."

பாகீரதி சுரைக்காயைக் கீழே வைத்தாள். குறைத்துக் கேட்டாள். முடியாது என்றாள் செல்லாத்தாள். பாகீரதி நிஜமாகவே இரண்டு எட்டு வைத்தாள். பின்னாலிருந்து "சரி, வாங்க வாங்க" என்ற குரல் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதைச் சொல்லும்போது மறுபடியும் சிலிர்த்தது. சேஷம்மாளே சிரித்துவிட்டாள்.

அதன்பின் பாகீரதி வீட்டில் தங்கவில்லை. காலையில் ஆற்றில் குளித்து, சமையலை முடித்து, அவருக்குச் சாதம் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொள்வாள். கோட்டையைச் சுற்றி நடந்தாள். சுல்தான்பேட்டையில் ரேடியோ கடை வாசலில் நின்று செய்தி கேட்டாள். மிஷின் கடையில் மல்லியும் மிளகாயும் அரைபடும் வரிசையில் நின்றாள். அங்கே நின்ற பெண்களோடு ஒரு மணி நேரம் பேசி, மூன்று விதமான புளிங்கறி தெரிந்துகொண்டாள். திரும்பி வந்து எல்லாவற்றையும் கணவனிடம் சொல்லுவாள். அவர் பெட்டிமேல் உட்கார்ந்து கேட்டுக்கொள்வார். ஒருநாள் மட்டும், "இப்படி நீ பேசி நான் கேட்டதே இல்லை" என்றார். அது பாராட்டா குறையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை, செல்லாத்தாளிடம் அவள் ஆட்டுக்கல்லைப் பற்றிக் கேட்டாள்.

"எங்க காட்டுக்குப் பக்கத்துல பாறைங்க. அங்கதான் கொத்தறாங்க. பிச்சைமணின்னு ஒருத்தர். அவர் கல்லு ஊருக்கெல்லாம் போகுது. ஒருக்கா வாங்க, நீங்களே பாத்து எடுத்துக்கலாம்."

சேஷம்மாளிடம் சொன்னபோது அவளுக்கு விளங்கவில்லை. "என் ஆத்துலே கல்லு இருக்கே. நான் வேண்டாம்னா சொன்னேன்? நீ எப்போ வேணும்னாலும் அரைச்சுக்கோயேன்."

"அது உங்க கல்லு, சேஷம்."

"கல்லுலே என்னடி உன்னுது என்னுது? நாளைக்கே லெட்டர் வந்தா நீங்க போயிடப் போறேள். பின்னே எதுக்காக்கும் கல்லு?"

பாகீரதி சிரித்துவிட்டு உள்ளே போனாள். கணவனிடம், செல்லாத்தாள் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் சிற்றூரைத் தாண்டியதும் வயலின் பச்சை குறைந்து, பனைமரங்கள் வந்தன. கணவாய்க் காற்று எதிரே நின்று பஸ்ஸைத் தள்ளியது. கொழிஞ்சாம்பாறைக்குப் பிறகு செம்மண் காடு, கிணற்று மேட்டில் பம்புசெட்டு, வரப்போரம் எருமை. கடைப் பலகையில் எல்லாம் மலையாளம், பஸ்ஸுக்குள் எல்லாம் தமிழ். பாகீரதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் மண் விழுந்தும் மூடாமல் பார்த்தபடி வந்தாள்.

செல்லாத்தாளின் தோட்டத்தில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய செடியை வேப்பமரத்தடியில் குவித்து, ஏழெட்டுப் பெண்கள் காயை ஆய்ந்தார்கள். செல்லாத்தாளின் புருஷன் குப்பண்ணன் கட்டிலை எடுத்துப் போட்டார். பாகீரதி கட்டிலில் உட்காரவில்லை. பெண்களோடு தரையில் உட்கார்ந்து ஒரு கட்டுச் செடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கை நோகுமுங்க" என்றார் குப்பண்ணன்.

"நோகட்டும். இருபத்துநாலு வருஷமா நோகவே இல்லை இந்தக் கை."

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "அந்த ஊர்ல கடலைக்காய் உண்டுங்களா?" என்று கேட்டாள். உண்டு என்றாள் பாகீரதி. செடியைப் பார்த்ததில்லை, வறுத்துத் தட்டில் வந்ததைத்தான் பார்த்திருக்கிறாள். மண்ணோடு ஒரு காயை உடைத்து வாயில் போட்டாள். பால் பிடித்த பருப்பு இனித்தது. மத்தியானம் செல்லாத்தாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எங்கூட்டுல சோளச்சோறும் கொள்ளுப்பருப்புந்தானுங்க. நீங்க திம்பீங்களோ என்னமோ."

"கப்பல்லே பத்து நாள் யார் சமைச்சாளோ, எவர் பரிமாறினாளோ, சாப்பிட்டேன். நீங்க போடுங்கோ" என்றாள். சந்தையில் 'நீ' என்று கூப்பிட்டவளை இங்கே 'நீங்க' என்றது இருவருக்குமே கேட்டது. செல்லாத்தாள் இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினாள்.

பிச்சைமணி பாறைமேட்டில் கீற்று நிழலில் இருந்தார். சில்லு தெறித்துத் தெறித்து ஒரு கண் எப்போதும் சிவந்திருக்கும் மனிதர். முடிந்த கல் இரண்டு கிடந்தன. சின்னது ஒன்று, பெரியது ஒன்று.

"ஊட்டுல எத்தன பேருங்க?"

"ரெண்டு பேர்."

"அப்ப இந்தச் சின்னது போதுமுங்க." சுத்தியலின் பின்பக்கத்தால் அதைத் தட்டினார். கணீரென்றது. "நரம்பு ஓடுன கல்லுன்னா சத்தம் அமுங்கிப் போயிருமுங்க. இது சுத்தமான கல்லு."

"பெரிசைத் தட்டுங்கோ."

தட்டினார். அது இன்னும் ஆழமாக ஒலித்தது. பாகீரதி மண்டிபோட்டுக் குழிக்குள் கைவிட்டுப் பார்த்தாள். உளி கொத்திய புள்ளிகள் உள்ளங்கையில் குறுகுறுத்தன.

"இது எனக்கு வேணும்."

"ரெண்டு பேருக்கு எதுக்குங்க இத்தாப்பெரிசு? பொறவு ஊடு மாத்தறதுன்னா தூக்கீட்டு அலைய முடியாது. ஒருக்கா எறக்கி வெச்சா வெச்சதுதான்."

"அதுக்குத்தான் வாங்கறேன்" என்றாள் பாகீரதி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. செல்லாத்தாள் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"என்ற தம்பி லாரி பாலக்காட்டுக்குக் கடலைமூட்டை கொண்டுபோகுது. அதுலயே ஏத்திரலாமுங்க. நானும் வர்றேன்" என்றாள்.

சாயங்காலம் நாலரை மணிக்கு கல்பாத்தித் தேர்வீதியில் செல்லாத்தாளின் தம்பி மாரப்பனின் லாரி வந்து நின்றது. வாசலுக்கு வாசல் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். முன்னால் டிரைவர் மாரப்பன், பக்கத்தில் செல்லாத்தாள், ஓரத்தில், முழங்கைவரை செம்மண்ணோடு, யக்ஞநாராயணனின் மனைவி. அவள் குதித்து இறங்கினாள். வாசலில் கணவன் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கையில் நீல உறை.

"லுசாக்காவிலேருந்து வந்துடுத்து" என்றார். "ரெண்டு வருஷ காண்ட்ராக்ட். ரெண்டு பேருக்கும் டிக்கெட். விஷு கழிஞ்சதும் கிளம்பணும்."

அவர் முகத்தில் பல மாதமாக இல்லாத வெளிச்சம் இருந்தது. பாகீரதிக்கு அதைப் பார்த்துச் சந்தோஷமாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

"நல்லதாச்சு. மொதல்லே இதை எறக்கட்டும். லாரி திரும்பிப் போகணும்" என்றாள்.

அப்போதுதான் அவர் கல்லைப் பார்த்தார். பலகை சாய்த்து, கயிறு கட்டி, மாரப்பனும் மூட்டைமேல் உட்கார்ந்து வந்த சுமைக்காரர் ஒருவரும் அதை மெல்ல இறக்கினார்கள். பாதியில் கல் ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"சாமி, சித்த அந்தப் பக்கட்டுப் புடிங்க" என்றார் மாரப்பன்.

யாரைச் சொல்கிறார் என்று யக்ஞநாராயணன் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. உறையைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "என் தளம் பொளந்துடும், மெல்ல, மெல்ல" என்று சேஷம்மாள் முன்னால் ஓடினாள். ரேழி தாண்டி, கூடம் தாண்டி, முற்றத்து ஓரத்தில் கல் உட்கார்ந்தபோது மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது.

"மொத நாலு நாளைக்கு உமியும் உப்பும் போட்டு ஆட்டுங்க. மண்ணு போயிரும். அப்பறம் அரிசி போடலாம்" என்றாள் செல்லாத்தாள். சேஷம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அவர்கள் போனார்கள்.

யக்ஞநாராயணனின் உள்ளங்கை சிராய்த்திருந்தது. பாகீரதி தேங்காயெண்ணெய் தடவினாள்.

"இதை எப்படி லுசாக்காவுக்குக் கொண்டுபோறது?" என்றார் அவர்.

"கொண்டுபோகப் போறதில்லை. நானும் வரலை."

காற்று கொல்லைக் கதவை அடித்துச் சாத்தியது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"என்ன சொன்னே?"

"கோபமா சொல்லலை. நீங்க கூட்டிண்டு போன எடத்துக்கெல்லாம் வந்தேன். கொறை ஒண்ணும் வெக்கலை நீங்க. ஆனா அங்கே என்ன பாத்தேன்னு யாராவது கேட்டா, கார் கண்ணாடி வழியாப் பாத்தேன்னுதான் சொல்லணும். இங்கே காலைலே எழுந்தா இன்னிக்கு எங்கே போகலாம்னு இருக்கு. நாப்பத்தஞ்சு வயசுலே இப்படி ஒரு ஆசை வரும்னு நான் நெனைக்கவே இல்லை."

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"எனக்கு இந்தத் தெருவிலே நடக்க முடியலை, பாகீ. எங்காத்து வாசல்லே யாரோ கோலம் போடறா. எதிர்ப்படறவாள்ளாம் என்ன கொண்டுவந்தேன்னு கேக்கறா. மொம்பாசா போற ரயில்லே ஒரு பட்டாளக்காரன் என் வாட்சைக் கழட்டிண்டு கேட்டான், உனக்கு ஊருன்னு ஒண்ணு இருக்கான்னு. நீ பொம்மனாட்டிகள் பெட்டியிலே இருந்தே. இருக்குன்னு சொன்னேன். பாலக்காடுன்னு சொன்னேன். சிரிச்சான். இங்கே வந்தப்புறம், அவன்கிட்டே பொய் சொல்லிட்டேனோன்னு இருக்கு."

இது அவளுக்குத் தெரியாது. எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொன்னது பொய்யில்லை. உங்களுக்குத் தெரிஞ்ச பாலக்காடு போயிடுத்து. அவ்வளவுதான். புதன்கிழமை என்கூட சந்தைக்கு வாங்கோ. அங்கே யாரும் உங்களை ஒண்ணும் கேக்கமாட்டா."

புதன்கிழமை அவர் வந்தார். பையை அவர்தான் தூக்கினார். மிளகாய் மண்டியில் தும்மினார். வாழைத்தார்களுக்கு நடுவே ஒதுங்கி நின்று, தன் மனைவி செல்லாத்தாளோடு ஒரு பூசணிக்காய்க்காகக் கால்மணி நேரம் மல்லுக்கட்டுவதையும், இரண்டு எட்டு வைத்துத் திரும்பி வருவதையும், கடைசியில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதையும் பார்த்தார். செல்லாத்தாள் அவரைப் பார்த்து, "கை ஆறிருச்சுங்களா?" என்றாள். அதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில், தபாலாபீஸ் எதிரில், அவர் நின்றார்.

"மேத்தாவுக்கு எழுதிடறேன். ஒரு டிக்கெட் போதும்னு."

பாகீரதி அவரையே பார்த்தாள்.

"நான் போகாம இருந்தா, அந்தப் பெட்டிமேலேயே உக்காந்துண்டு உன்னையும் பாழாக்கிடுவேன். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஒரு மேஜைக்கு முன்னாலே உக்காரணும். உன்னை மறுபடியும் கொண்டுபோய்க் கம்பி ஜன்னலுக்குப் பின்னாலே வெக்க எனக்கு மனசு வரலை. இன்னிக்கு உன்னைப் பாத்தப்புறம் வரலை."

"ஊர்லே என்ன சொல்லுவா?"

"நீ லாரியிலே வந்து எறங்கினப்பவே சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு" என்றார். பாலக்காட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

விஷு கழிந்த நாலாம் நாள், ஒலவக்கோட்டில் காலை வண்டி. வழிக்கு இட்லி கட்டியிருந்தாள். புதுக்கல்லில் அரைத்த மாவு, நன்றாகப் பொங்கியிருந்தது. ஜன்னலருகே நின்று அவள் ஏதேதோ சொன்னாள்: ஸ்வெட்டர் எந்தப் பெட்டியில், மாத்திரை எந்தப் பையில். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வண்டி நகர்ந்தபோது கையை நீட்டி அவள் தலையை ஒருமுறை தொட்டார். இருபத்துநாலு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் அவளைத் தொட்டதில்லை.

கடைசிப் பெட்டியும் போனபிறகு பாகீரதி பிளாட்பாரத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டாள். மறுபடியும் அழுகை வந்தது, மறுபடியும் கழுவிக்கொண்டாள். வெளியே வந்தால் சித்திரை வெயில். ஸ்டேஷன் வாசலில் ஒரு பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. நெற்றியில் மலம்புழை என்று எழுதியிருந்தது. அவள் கப்பலேறிப் போன பிறகு கட்டிய அணை. நாலைந்து மைல்தான் என்று சேஷம்மாள் சொல்லியிருக்கிறாள். சேஷம்மாளும் பார்த்ததில்லை.

காலை பத்து மணிக்குள் வந்துவிடுவேன் என்று சேஷம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தது நினைவில் இருந்தது. இருந்தும் ஏறிவிட்டாள்.

டவுனைவிட்டு வெளியே வந்ததும் மலை கிட்டே வந்தது. கண்டக்டர் வந்து, "தனிச்சாணோ அம்மே?" என்று கேட்டுக்கொண்டே டிக்கெட் கிழித்தார்.

"ஆமாம், தனியாத்தான்" என்றாள் பாகீரதி. "அங்கேருந்து திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

"ராத்திரி எட்டுக்கு உண்டு."

"போதும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.